டயர்ச்சாமியின் இரண்டு கத்திகள்

நாவற்குடாவில் சனிக்கிழமை காலையில் பழைய கார் வாங்க வருகிறவர்கள் இஞ்சின் பார்ப்பதில்லை, தேசிக்காய் பார்ப்பார்கள். குறி சொல்லும் டயர்ச்சாமி காரை மூன்று தரம் சுற்றி வந்து அந்த எலுமிச்சையை வெட்டுவார். வெள்ளைச் சாறு வந்தால் வாங்கலாம். சிவப்புச் சாறு வந்தால் அந்தக் காரில் யாரோ செத்திருக்கிறார்கள். ஆவி பின்சீற்றில் சொகுசாக இருக்கிறது. பெரியகல்லாற்றுத் தமிழரும் ஏறாவூர் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மூடத்தனத்தில் மட்டும் நம்மிடையே சமயச் சண்டையே இல்லை.

சாமியின் பந்தல், பழைய கார் விற்கும் ஒரு கார் சேலின் வாசலில் இருந்தது. கார் சேல் சாமியின் மச்சானுடையது. இது ஊருக்கே தெரியும். யோசித்தவர்தான் எவருமில்லை.

கஜானி சாரதிப் பயிற்சி கொடுப்பவள். பத்து வருடமாக மற்றவர்களின் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் கியருக்கு மேல் போகாத கார்களில் ஊர் சுற்றியவள். காத்தான்குடி ஹலீமிடம் ஒரு பழைய மஸ்டா விலைக்கு இருந்தது. இரண்டே சீற், மடக்கித் திறக்கும் கூரை. களுதாவளை வரை ஓட்டிப் பார்த்தாள். வளைவுகளில் அவள் நினைத்த கணமே கார் திரும்பியது. திரும்பி வந்து அடியில் படுத்துத் தட்டியும் பார்த்தாள். குறை இல்லை.

கணவன் நிலோஜன்தான் தடுத்தான்.

"சாமிக்கிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டு வாங்குவம்."

"நான் அடியில படுத்துப் பார்த்தது காணாதா?"

"இஞ்சின நீ பார்த்தா. ஆவிய ஆரு பார்க்கிற?"

மனைவியின் சத்திரசிகிச்சைக்காகக் காரை விற்கும் ஹலீமின் முகம் சுருங்கியது. "தங்கச்சி, ஏற்கனவே மூணு பேர் சாமிக்கிட்ட கொண்டு போனாங்க. மூணு தரமும் ரெத்தம். மறுகா சேல்காரன் வந்து அரை விலைக்குக் கேக்கான்."

"நீங்களும் வாங்க ஹலீம் நானா," என்றாள் கஜானி. "நான் பார்க்கணும்."

வரிசையில் நின்ற ஒரு மணி நேரமும் அவள் சாமியின் கையையே பார்த்தாள். தட்டில் இரண்டு கத்திகள். சேல் கார்களுக்குக் கறுப்புப் பிடி. வெளியார் கார்களுக்குச் சிவப்புப் பிடி. தெய்வம் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தது.

மஸ்டாவின் முறை வந்தது. சிவப்புப் பிடி எழுந்தது. தேசிக்காயில் இரத்தம்! நிலோஜன் காரிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தான்.

"பொம்புளப் புள்ள ஒண்டு செத்திருக்கு," என்றார் சாமி, கண்ணை மூடிக்கொண்டு. "இத விடு மகள். உள்ள நீலக் கார் ஒண்டு நிக்கி. நேத்துத்தான் வெட்டினன், பால் மாதிரி."

"அதையும் இப்ப வெட்டுங்க சாமி. இதே கத்தியால."

சாமி கண்ணைத் திறந்தார். "அதுக்கு வேற கத்தி மகள். கத்திக்குக் கத்தி சக்தி வேற."

"அப்ப ரெத்தம் காரிலயா, கத்தியிலயா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிவப்புப் பிடியை எடுத்துக்கொண்டு நீலக் காரின் முன்னால் போய் ஒரு தேசிக்காயை வெட்டினாள். இரத்தம். கறுப்புப் பிடியால் மஸ்டாவுக்கு ஒன்று வெட்டினாள். பால். பிறகு கறுப்புப் பிடிக் கத்தியைத் துடைத்து, பூசைத் தட்டிலிருந்த செவ்வரத்தம்பூவை, அதுதான் செம்பருத்தியை, அலகில் தேய்த்து, ஒரு தேசிக்காயை நிலோஜனின் கையிலேயே வைத்து வெட்டினாள். அவன் விரலிடுக்கில் சிவப்பு வழிந்தது.

"பயப்படாதீங்க, நீங்க சாகல்ல. புளிச்சாறு பட்டா இந்தப் பூச்சாறு சிவக்கும். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில இரிக்கு."

அதோடு நிற்காமல் நீலக் காரின் இருக்கைப் பட்டியை அடிவரை இழுத்தாள். உள்ளே சுருண்டிருந்த பகுதி முழுக்கக் காய்ந்த சேறு.

"வெள்ளத்தில மூழ்கின கார். இதுக்குத்தான் பால்."

போன மாதம் 'பால்' கார் வாங்கிய நாலைந்து பேர் மச்சானைத் தேடி உள்ளே பாய்ந்தார்கள். டயர்ச்சாமி வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் ஓடினார். கஜானி அந்த இடத்திலேயே ஹலீமிடம் முழு விலைக்கே பேசி முடித்தாள். நிலோஜன் பக்கத்துச் சீற்றில் ஏறினான்.

கார் புறப்படும்போது ஒருவர் ஓடிவந்து ஜன்னலில் குனிந்தார். பரம இரகசியமாகக் கேட்டார்:

"தங்கச்சி, அந்தப் பூவ எந்தக் கிழமையில பறிக்கணும்?"

கஜானி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பூ எந்தக் கிழமையும் சிவக்கும் அண்ணன். யோசிக்கிறதுக்கும் கிழமை பார்த்துக்கொண்டு நிக்காதீங்க. இண்டைக்கே தொடங்குங்க."