பதிவில் உள்ள குரல்

பேகம்பூர் அப்துல் சுக்கூர் தோல் மண்டியில் ஏலம் விடுபவர். பேச்சுதான் பிழைப்பு. வீட்டில் ரசம் கேட்டால்கூட மூன்று தரம் கூவித்தான் கேட்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நுரையீரலில் புற்று வந்துவிட்டது. நாலு சுற்று கீமோ முடிந்ததும், மருந்து கேட்கிறதா என்று பார்க்க மதுரையில் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர்.

அதில் ஒரே ஒரு கஷ்டம். சர்க்கரையோடு சேர்த்த ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். உடம்பில் எது ஓயாமல் உழைக்கிறதோ அங்கே போய் அது படத்தில் மின்னும். புற்று அப்படி உழைக்கிற சாதி. ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாயைத் திறந்து பேசினால் தொண்டையும் மின்னிவிடும். சுக்கூர் உயிருக்குப் பயந்து கல்லாய்க் கிடந்தார்.

இருபதாவது நிமிடம் போன் அடித்தது. காப்பீட்டு அலுவலகத்தின் சரிபார்ப்பு அதிகாரி பாஸ்கல். ஸ்கேன் உரிய நபருக்கே எடுக்கப்படுகிறது என்பதை, அன்னார் ஓய்வில் இருக்கும்போதே தொலைபேசி வாயிலாக உறுதிசெய்ய வேண்டுமாம். பேசாதவர் நோயாளியாகக் கருதப்படமாட்டார். சுக்கூர் தன் பேர், தகப்பனார் பேர், பாட்டனார் பேர், தெருப்பேர் எல்லாம் சொன்னார். சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தவும் வராது.

நுரையீரலில் புற்று பாதியாகச் சுருங்கியிருந்தது. தொண்டை மட்டும் தர்கா கந்தூரி விளக்காக ஜொலித்தது. அது பேசியதால் வந்த வெளிச்சம் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். அலுவலகம் ஏற்கவில்லை. புதிய இடத்தில் ஒளி தென்படுவதால் மருந்து பலனற்றது, எனவே மருந்து நிறுத்தப்படுகிறது. ஆட்சேபம் இருப்பின் மறு ஸ்கேன் எடுக்கலாம் என்று பதில் வந்தது. கேட்கிற மருந்தை நிறுத்துகிறார்களே என்று சுக்கூருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறு ஸ்கேன் அன்று அவர் மனைவி நர்கீஸ் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்தாள். பாஸ்கல் கூப்பிட்டதும் குரலைக் கட்டையாக்கி, மூன்று தலைமுறைப் பேரையும் அவளே ஒப்பித்தாள். படத்தில் தொண்டை இருண்டு கிடந்தது. சுக்கூருக்கு உயிர் வந்தது.

ஒரு வாரமாகியும் மருந்துக்கு ஒப்புதல் வரவில்லை. சுக்கூர் தானே போன் போட்டார்.

"சார், அப்துல் சுக்கூர் பேசுறேன். மருந்து என்னாச்சு சார்?"

அந்தப் பக்கம் ஏதோ பதிவை ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு பாஸ்கல் நிதானமாகச் சொன்னார்.

"கடைசியா பதிவான சுக்கூர் பாய் குரலோட இது ஒத்துப்போகலையே. ஒப்புதல் ரெடியா இருக்கு. ஆனா நோயாளிகிட்ட மட்டும்தான் சொல்லணும். நீங்க யாரா இருந்தாலும் சரி, போனை அவர்ட்ட குடுங்க."

சுக்கூர் போனை நர்கீஸிடம் நீட்டினார். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.