ஒண்டும் வேண்டாத மாப்பிள்ளையும் நெருப்புக்காய்ச்சல் கிருமியும்

கொள்கைக்கு விலையே கிடையாது என்று எழுதிவைத்தவர்கள் யாழ்ப்பாணத்து உடுவில் பக்கம் வந்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றுநான்காம் ஆண்டில் இங்கே அதற்குத் திட்டமான விலை இருந்தது: கிணற்றோடு ஒரு கல்வீடு, ஆறு பரப்புத் தோட்டக்காணி, பேச்சு முற்றினால் சுன்னாகத்தில் ஒரு கடை.

வெங்காய மொத்த வியாபாரி சீவரத்தினத்துக்கு இந்த விலை முதலில் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், கலாநிதி தியாகராசா என்னும் பெருமகன் வாசிகசாலைக் கூட்டத்தில் 'சீதனம் ஒரு சமூக நோய்' என்று முழங்கினார் என்பதும், அந்தப் பெருமகனுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பதும்தான். நெருப்புக்காய்ச்சல் என்னும் டைபாய்டின் கிருமியை ஆராய்ந்து இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நோயைப் பற்றி அவர் சொன்னால் மறுக்க யாருக்குத் துணிவு வரும்?

விலை சொல்லாமல் ஒருவன் மூட்டையை நீட்டினால், அடியில் கிடப்பது அழுகல் என்று தூரத்திலேயே மணந்து பிடிப்பவர் சீவரத்தினம். மாப்பிள்ளைச் சந்தையில் மட்டும் அந்த மூக்கு அடைத்துக்கொண்டது. ஒரே மகள் குணலட்சுமிக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. வீடும் காணியும் அவளுக்கென்று கட்டிக் காத்தவை. கடையை நடத்துவதே அவள்தான்.

சீவரத்தினம் சொல்லியனுப்ப, முதல் நாள் கலாநிதி சைக்கிளில் வந்து கிணற்றடியிலேயே நின்றுகொண்டார். செம்பில் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி," என்றார் சீவரத்தினம்.

"வேண்டாம் ஐயா. எனக்கு ஒண்டும் வேண்டாம். காத்து நல்லா வருது, இதுவே காணும்."

பங்குக் கிணற்றில் வாளி விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னாச்சி இதைக் கேட்டாள். விளக்கு வைக்குமுன் ஊர் முழுக்கக் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை 'உத்தியோகபூர்வ'ப் பேச்சுவார்த்தை. சம்பந்தம் பேசும்போது யன்னல் சாத்துவது எங்கள் உயரிய பண்பாடு. தர்மம் கதைத்தால் ஊருக்குக் கேட்கவேண்டும், சீதனம் கதைத்தால் கேட்கக் கூடாது. இங்கேதான் சீதனமே இல்லையே! இருந்தும் சீவரத்தினத்தின் மனைவி பூரணம் பழக்கதோஷத்தில் எல்லா யன்னலையும் சாத்தினாள். ஒளித்து வைத்திருந்த கடைசிச் சவுக்காரக் கட்டியைக் கைகழுவ எடுத்து வைத்தாள். அரசாங்கம் சவுக்காரத்தைக்கூட ஊருக்குள் விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் அதைவிடப் பெரிய பூரணகும்ப வரவேற்பு கிடையாது. உப்பு ஏறிய வடையும் மோர்மிளகாயும் வந்தன.

கலாநிதிக்கு வேர்த்தது. வடையோடு விஞ்ஞானமும் பொங்கியது.

"கேளுங்கோ மாமா..."

'ஐயா' மாமாவாகியதைக் கதவு மறைவில் நின்ற குணலட்சுமி கவனித்தாள்.

"இந்தக் கிருமி கிணத்துத் தண்ணியிலை பரம அப்பாவி. குடலுக்கை புகுறதுக்கெண்டு பரம்பரையலகுகள், அதுதான் ஜீன்கள், அதிட்டை இருக்கு. ஆனா எல்லாத்தையும் பூட்டி வைச்சிருக்கும். குடலுக்கை போய், ஒட்சிசன் குறையுது, உப்புக் கூடுது எண்டு கண்டால்தான் முதல் அலகு திறக்கும். அது அடுத்ததைத் திறக்கும். பிறகு போய்க் குடற்கலத்தை, குடலின்ரை செல்லை, தொடும்."

"தொட்டு, உடைச்சுக்கொண்டு போகுமோ?"

"சீச்சீ, நாகரிகமான பிராணி! தொட்ட இடத்திலை கலத்தின்ரை சுவரே கை மாதிரி எழும்பி, கட்டிப்பிடிச்சு உள்ளுக்கு எடுக்கும்."

"என்ன மரியாதை!" என்று உருகினார் சீவரத்தினம்.

மூன்றாவது மோர்மிளகாயில் முதல் அலகு திறந்தது.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் மாமா. அம்மாதான், வீடு பிள்ளையின்ரை பேரிலை தனிய இல்லாமல் எங்கடை ரெண்டு பேரிலையும் இருந்தால் வடிவு எண்டு சொன்னவ."

"அதுக்கென்ன தம்பி!"

"என்ரை தங்கச்சிக்கும் ஒரு கலியாணம் ஒப்பேறவேணும். காணியை 'நன்கொடை' எண்டு எழுதினால் அது சீதனம் ஆகாது. நானும் கூட்டத்திலை கதைச்ச ஆள் பாருங்கோ."

"ஆகாது, ஆகாது!"

"கடை..."

கலாநிதி அந்தச் சொல்லைத் தொட மட்டுமே செய்தார். மிச்சம் முழுக்கச் சீவரத்தினத்தின் கைங்கரியம். இரண்டு கைகளையும் நீட்டி மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். "கடையும் உங்கடைதான் மகன்! நாளைக்கே நொத்தாரிசைக் கூப்பிட்டு உறுதி எழுதுவம்!"

குணலட்சுமி மறைவை விட்டு வந்தாள். யன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள்.

"பிள்ளை, சனம் பாக்கப்போகுது!" என்று பூரணம் பதறினாள்.

"பாக்கட்டும் அம்மா. இவருக்கு வேர்க்குது. கிணத்தடிக்கு வாங்கோ, நல்ல காத்து வருது."

கிணற்றடியில் சின்னாச்சி குடத்தோடு நின்றாள், வழக்கம்போலத் 'தற்செயலாக'.

"சின்னாச்சியக்கா, இவர் அப்பாட்டை என்னவோ கேட்டவர், எனக்கு வடிவாக் கேக்கேல்லை," என்ற குணலட்சுமி கலாநிதியிடம் திரும்பினாள். "இன்னொருக்கால் சொல்லுங்கோ."

காற்று வீசியது. கலாநிதியின் முகத்தில் அலகுகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டிக்கொள்வதைச் சீவரத்தினம் தம் கண்ணாலேயே கண்டார்.

"எனக்கு... எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"வீடு?"

"வேண்டாம்."

"காணி?"

"சீச்சீ!"

"கடை?"

"எந்தக் கடை?"

"இப்பிடி ஒரு பிள்ளையை ஆர் பெத்தது!" என்று சின்னாச்சி கண்கலங்கினாள்.

"அப்ப நொத்தாரிசை இஞ்சையே, கிணத்துக்கட்டிலை இருத்தி எழுதுவிப்பம்," என்றாள் குணலட்சுமி. "ஒண்டும் வேண்டாம் எண்டு. அக்கா சாட்சிக் கையெழுத்து."

கலாநிதிக்கு அந்தக் கணமே ஆய்வுகூடத்தில் ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்தது. சைக்கிள் ஒழுங்கை திரும்பி மறைந்தது. சவுக்காரக் கட்டியும் கூடவே போய்விட்டதைப் பூரணம் பிறகுதான் கண்டுபிடித்தாள்.

சீவரத்தினம் தலையில் கைவைத்தார். "ஒரு கலாநிதியைக் கிருமி மாதிரித் துரத்திப்போட்டியேடி!"

"கிருமியிலை என்ன பிழை அப்பா? சுவர் கை நீட்டினது, அது உள்ளுக்கை வந்தது. கையை நீட்டினது ஆர்?"

சீவரத்தினம் தலையிலிருந்த கைகளை இறக்கிப் பார்த்தார். வடை உப்பு இன்னும் ஒட்டியிருந்தது.

அன்றைய கணக்கு: வீடு, காணி, கடை மூன்றும் இருந்த இடத்தில். செலவு, வடையும் மோர்மிளகாயும் ஒரு சவுக்காரமும். தீர்க்காத பாக்கி ஒன்று: நெருப்புக்காய்ச்சல் கிருமியிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு. ஊரையே பாயில் போட்டாலும், 'எனக்கு ஒண்டும் வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டு அது ஒருநாளும் ஒரு வீட்டுக்கு வந்ததில்லை.