நரம்புக்கு யூரியா

பிள்ளைகள் படித்தால் பெற்றோருக்குப் பெருமை என்பார்கள். உதறல் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

என் மகள் கயல்விழி தஞ்சாவூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்தாள். ஓர் உயிரணு புரதத்தின் மூலம் செய்தி அனுப்ப, அதைக் கேட்டு நரம்பணு எப்படிக் கிளை விடுகிறது என்பது ஆய்வு. நான் விழித்ததைப் பார்த்து, "நெல்லு தூர் வெடிக்குதுல்லப்பா, அது மாதிரி" என்றாள். (வினை அங்கேதான் ஆரம்பித்தது.)

கடைசி வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைப்பில் போட்டிருந்தது. அப்படிப் போட்டால் எங்கள் ஊரில் வேன் வைப்போம். சீர்காழிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் பழத்தட்டு, வெற்றிலை பாக்கோடு போய் முன்வரிசைகளில் உட்கார்ந்தோம். ஆளுயர மாலையை மட்டும் கயல் பிடுங்கி மேசைக்கடியில் ஒளித்தாள்.

அவள் ஆங்கிலத்தில் பேசி முடித்ததும், "சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் தேர்வுக்குழுத் தலைவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்ணுக்கு மரியாதைக் குறைவாகிவிடுமே என்று பதறி எழுந்துவிட்டேன்.

"யூரியா போட்டுப் பாத்தியாம்மா?"

"யூரியா மட்டும் பத்தாதுண்ணே, ஜிங்க் சல்பேட்டும் போடணும்" என்றான் என் தம்பி செல்வம்.

"ரெண்டு பேரும் உக்காருங்கப்பா. மொதல்ல தண்ணிய வடிக்கணும்" என்றார் பின்னாலிருந்து மச்சான்.

அரங்கம் விவசாயிகள் குறைதீர் கூட்டமாகிவிட்டது.

வெளிமாநிலத்திலிருந்து வந்த தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. ஆய்வுக்கு ஏதோ பலத்த ஆட்சேபம் என்று நினைத்துப் பேனாவை மூடிவிட்டார். இவர்களுக்குப் பதில் சொல்லாமல் கையெழுத்துக் கிடையாதாம். மகளின் இத்தனை வருட உழைப்பும் என் வாயால் கெட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

கயல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். (அப்படியொரு பார்வையை அதற்கு முன் என் மனைவியிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்.) பிறகு ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னாள்: "கிளை வளர்ந்தது புரதத்தாலா, வெறும் ஊட்டத்தாலா என்று கேட்கிறார்கள். ஊட்டம் மட்டும் கொடுத்தும் வளர்த்துப் பார்த்தேன். இவ்வளவு கிளை வரவில்லை." படத்தையும் காட்டினாள்.

அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அருமையான கேள்வி என்று என் கையைப் பிடித்துக் குலுக்க வேறு செய்தார். பழத்தட்டை அவர் கையில் திணித்துவிட்டு வேனுக்கு ஓடினேன்.

இன்றும் சம்பா நட்டதும் செல்வம் அவளுக்குப் போன் செய்வான். "டாக்டரம்மா, நம்ம வயல்ல தூரே வெடிக்கல. உன் புரதத்துல ஒரு அரைக் கிலோ அனுப்பி வையேன்."

"எதுக்கு சித்தப்பா? அப்பாவ வரப்புல நிறுத்தி ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. பயத்துல தானா வெடிக்கும்."