‘புரியுது’ வகையறா

உலகத்தில் ‘புரியுது’ என்றொரு வகையறா உண்டு. வாயைத் திறந்தாலே அறிவுரை சொல்பவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் தீர்ந்தது. இவர்கள் அறிவுரை சொல்ல மாட்டார்கள். நம்மைப் பேசச் சொல்வார்கள். சமூகப்பணிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்ட மறுநாளே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, குரலை ஆஸ்பத்திரி அளவுக்குத் தாழ்த்தி, அகப்பட்டவரின் முழங்கையைத் தொட்டு, “புரியுது” என்று சொல்லிவிட்டு, புரிவதற்கு அவர் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். நீங்கள் பார்த்ததில்லையா? என் வீட்டுக்கு வாருங்கள், ஒன்று வைத்திருக்கிறேன்.

என் மனைவியின் தம்பிதான் அது. போன வருடம் நேர்முகத் தேர்வில், கஷ்டத்தில் இருக்கும் ஒருவர் உன்னிடம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவன் மூச்சுவிடாமல் யோசனைகளை அள்ளி வீசியிருக்கிறான். “முதல்ல கேட்கக் கத்துக்கப்பா” என்று அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் அப்பாவின் டயர் கடைதான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. பாவம், அவனுக்கு இந்தப் படிப்பின் மேல் நிஜமாகவே ஆசை; அடுத்தவர் அழுதால் இவன் மூக்கு முதலில் சிவக்கும். ஆகவே எங்கள் வீட்டில் கேட்கும் பயிற்சி தொடங்கியது.

“டேய், சிலிண்டர் தீர்ந்துபோச்சுடா” என்பாள் அக்கா.

“சிலிண்டர் தீர்ந்ததுல உனக்கு ரொம்ப வருத்தம். இல்லையாக்கா?”

“வருத்தமெல்லாம் இல்லடா. சிலிண்டர்தான் இல்ல.”

“புரியுது.”

சேவை அனுபவத்துக்காக ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தான். அங்கே சுவரோரம் வாடி நின்ற ஒருவரின் முழங்கையைத் தொட்டு, “பாரத்தை இறக்கி வைங்கண்ணே” என்றிருக்கிறான்.

“நீ நிக்கிற இடத்துலதாம்பா இறக்கணும். தள்ளு” என்றாராம், தோளில் ஏணியோடு ஃபேன் மாட்ட வந்தவர்.

தேர்வு நாள் வந்தது. இந்த முறை குழு விவாதம். எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து, ‘தெருவில் தண்ணீர் வரவில்லை, என்ன செய்யலாம்?’ என்று தலைப்பைக் கொடுத்தார் பேராசிரியர். எட்டுப் பேரும் தலையைச் சாய்த்தார்கள். எட்டுப் பேரும் ஒரே பயிற்சி எடுத்தவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“நீங்க சொல்லுங்க” என்றது ஒரு பெண்.

“இல்ல, நீங்க சொல்லுங்க. உங்க தயக்கம் எனக்குப் புரியுது” என்றான் இவன்.

“என் தயக்கம் உங்களுக்குப் புரியுறது எனக்கும் புரியுது.”

ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தபாடில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பேராசிரியர் தானே பேசத் தொடங்கினார். யாரிடம் மனுக் கொடுப்பது, தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போவது என்று ஆரம்பித்து, மேலிடத்தில் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை, தன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்று எத்தனை தடவைதான் சொல்வது என்று சொந்தக் கதைக்குப் போய், மறுபடி தண்ணீருக்கு வந்து சேர்ந்தார். எட்டுத் தலைகளும் விடாமல் ஆடின.

“சரி, நான் இப்ப என்ன சொன்னேன்?”

ஆடிய தலைகள் நின்றன.

“உங்க வேதனை புரியுது சார்” என்றது ஒரு குரல்.

“எந்த வேதனை?”

யாருக்குத் தெரியும்? தலையாட்டுவதற்கே நேரம் சரியாக இருந்தது. இவனுக்கும் ஒரு வார்த்தை ஏறவில்லை. ஆனால் மற்றவர்களைவிடத் தாழ்வாக ஆட்டியதில் இவன் கண்ணுக்கு ஒன்று பட்டிருந்தது. டயர் கடை வேறு நினைவுக்கு வந்துவிட்டது. சட்டென்று குனிந்தான், தேர்வுக்கு வரச்சொன்ன கடிதத்தை நாலாக மடித்து, நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினான். பேராசிரியர் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். நாற்காலி ஆடவில்லை. இவன் முழங்கையைத் தொட்டார்.

“நான் சொன்னதைக் காதுல வாங்கினவன் நீ ஒருத்தன்தாம்பா.”

சீட்டுக்கு முட்டுக் கொடுத்தவனுக்குச் சீட் கிடைத்துவிட்டது. தான் காதில் வாங்கவே இல்லை என்பதை என்னிடம் மட்டும் சொன்னான். புரியுது என்றேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் விண்ணப்பமும் போடவில்லை, யார் முழங்கையையும் தொடவில்லை. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டில் யாரோ வந்து ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையை நிமிர்த்தாமல் “ம், புரியுது” என்றீர்கள்.

என்ன சொன்னார்கள்?