வித்தியாசக்காரர் வாயில் அகப்பட்ட பல்

பொய் சொல்லுகிறவர், புறம் பேசுகிறவர், ஓசியில் காப்பி குடிக்கிறவர் என்று மனிதரில் எத்தனையோ ரகம். அத்தனை ரகத்தையும் சமாளித்தவன் நான். ஐந்தாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காமல், ஒற்றை லேத் மெஷினில் ஆரம்பித்து, இன்று என் பட்டறைக்குள் நின்றால் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது என்கிற அளவுக்கு மெஷின்களை வரிசை கட்டி நிறுத்தியிருக்கிறேன். ஆளை எடைபோடத் தெரியாமலா இதெல்லாம் நடந்தது? ஆனால் என்னையே கை தூக்க வைத்த ரகம் ஒன்று உண்டு. அதற்கு வித்தியாசக்காரர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன்.

வித்தியாசக்காரரைக் கண்டுபிடிப்பது சுலபம். பேச்சுவாக்கில் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை அவர் காதில் விழும்படி போடுங்கள். கண் பாதி மூடும். சுட்டுவிரல் மேலே போகும். “மேலோட்டமா பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்…” என்று ஆரம்பிப்பார். ரெண்டா? நீங்கள் சொன்னது ஒரு வார்த்தைதானே? அந்த இன்னொன்றை அவரே கூட்டிக்கொண்டு வருவார். ‘ஹவுஸ்’ என்றால் பின்னாலேயே ‘ஹோம்’ வரும். ‘ஸ்லிம்’ என்றால் ‘தின்’ வரும். அதோடு உங்கள் மனைவி இதில் எது என்கிற ஆராய்ச்சியும் வரும்.

சும்மா வாயால் விளக்கிவிட்டுப் போனாலும் பரவாயில்லை. கைக்கு இரண்டு பொருள் வேண்டும் அவருக்கு. “இதோ பாருங்க, இது ஒரு வார்த்தை, இது இன்னொரு வார்த்தை” என்று உங்கள் மூக்குக் கண்ணாடியை ஒரு பக்கமும் தண்ணீர்ச் செம்பை ஒரு பக்கமும் நிறுத்துவார். விளக்கம் முடியும்வரை நீங்கள் குருடர். தாகம் எடுத்தாலும் செம்பைத் தொடக்கூடாது.

என் வீட்டு வித்தியாசக்காரர் வேறு யாருமில்லை, என் மச்சினன். மனைவியின் தம்பி. ஒருநாள் அடுப்பில் பால் தீய்கிற வாசனை வருகிறது என்று நான் கத்தினேன். அடுப்பருகே நின்றவன் அவன்தான். ‘ஸ்மெல்’ வேறு, ‘அரோமா’ வேறு, ‘ஸ்டிங்க்’ வேறு என்று அவன் விளக்கி முடிப்பதற்குள், பால் அந்த மூன்றையும் வரிசையாக நடித்துக் காட்டிவிட்டு அடியில் கருகிப்போனது.

“அத்தான், நீங்க ஹியர் பண்றீங்க. ஆனா லிசன் பண்ணல” என்றான் வருத்தத்தோடு.

“மாப்ளே, நான் ரெண்டுமே பண்ணல” என்றேன்.

‘குட்’, ‘நோ குட்’ என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டு இன்ஜினீயரிடம் ஒரு மெஷினையே பேசி முடித்தவன் நான். குட்டுக்கும் நைஸுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த மெஷின் இன்றுவரை என்னைக் கேட்டதில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படியிருக்க, என் மனைவிக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. கன்னம் பணியாரம் போல வீங்கி, கஞ்சி குடிக்கவும் முடியாமல், எனக்குத் திட்டு விழுவதே நின்றுபோனது என்றால் வலியின் கொடுமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. “டாக்டர் இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டுட்டா?” என்று தம்பியைத் துணைக்கு அழைத்தாள். நான் இருக்கிறேனே என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அதைப் பார்க்க அவள் கண்ணைத் திறக்கவில்லை.

பல் டாக்டர் தாடி வைத்தவர். சாய்வு நாற்காலியில் அவளைப் படுக்கவைத்து, விளக்கை இறக்கி, ஈறு மரத்துப்போக ஊசி போட்டார். “கொஞ்ச நேரத்துல மரத்துடும், மரப்பு இருக்கும்போதே எடுத்துடலாம்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பெயின் எத்தனை நாளா?” என்று வேறு கேட்டார்.

விரல் மேலே போனது.

“டாக்டர், அக்காவுக்கு இருக்கிறது பெயின் இல்ல. ஏக். மேலோட்டமா பார்த்தா…”

என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் கை பொருள் தேடியது. பக்கத்துத் தட்டில், சுத்தம் செய்து கவரிலிருந்து அப்போதுதான் எடுத்துவைத்த சாமான்கள். பல் பிடுங்கும் குறடு இடது கைக்கு வந்தது. குட்டிக் கண்ணாடி வலது கைக்கு வந்தது.

“சார், அதைத் தொடாதீங்க!” என்று உதவிக்கிருந்த பெண் அலறினாள்.

“இந்தக் குறடுதான் பெயின். சுரீர்னு வரும். இந்தக் கண்ணாடி ஏக். மந்தமா, விடாம இருக்கும்.”

டாக்டர் அவனை வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். தள்ளவில்லை. அவர் கண்ணும் பாதி மூடியது! “அதனாலதான் டூத்தேக்னு சொல்றோம்…” என்று தாடியைத் தடவினார். “அப்போ ஸோர்?” என்று கேட்டுக்கொண்டே, மிச்சமிருந்த பஞ்சு உருண்டையை அவர் எடுத்து நிறுத்தினார். இனம் இனத்தைக் கண்டுகொண்டது. நான் நடுவில் புகுந்து, “மாப்ளே, பல்லு!” என்றேன். “இருங்க அத்தான், இது முக்கியமான இடம்” என்றான்.

உதவிப் பெண் தலையில் அடித்துக்கொண்டு, வேறு சாமான்களைச் சுத்தம் செய்யும் மெஷினில் போடப் போனாள். அவை வந்து சேரும்போது ‘ஹர்ட்’டும் ‘இஞ்சுரி’யும் மேடைக்கு வந்திருந்தன. ஊசியின் மரப்போ இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் முதலில் முனகல் கேட்டது. அப்புறம் அந்த முனகலும் நின்றது. எனக்கு அந்த அமைதி பழக்கம். இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவள் எழுந்தாள். தம்பியின் காலரைப் பிடித்துச் சுழற்றி அதே நாற்காலியில் உட்காரவைத்தாள். விளக்கை அவன் முகத்துக்கு நேரே இறக்கினாள்.

“டாக்டர், அந்த ஊசியை இவனுக்குப் போடுங்க. நாக்குல.”

“அக்கா…”

“வாயைத் திறடா! உன் பல்லுல ஒண்ணைப் பிடுங்கிட்டு, அது எந்த வார்த்தைன்னு நான் சொல்றேன்.”

உதவிப் பெண் நிஜமாகவே ஊசியை நீட்டினாள். டாக்டர் சட்டென்று டாக்டராகிவிட்டார். மச்சினன் நாற்காலியிலிருந்து இறங்கி, கையிலிருந்த சாமான்களை வைத்துவிட்டு, வாசலில் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினான். இன்னோர் ஊசி, இன்னொரு காத்திருப்பு, ஒரே இழுப்பு. பல் வந்துவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் வாயில் பஞ்சு. நானோ பேசும் வாய்ப்பை வீணாக்காமல், என் பட்டறைப் பெருமையை ஆதியோடந்தம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்பரே, இதைப் படிக்கும்போது, “பெரியவர் சொல்வது சரியில்லையே, ஏக்குக்கும் பெயினுக்கும் உண்மையான வித்தியாசம் அதுவல்லவே” என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததா? அசைந்திருந்தால் ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வீட்டில் யாருக்காவது பல் வலி வந்தால், துணைக்கு வருகிறேன் என்று நீங்களாகக் கிளம்பாதீர்கள். கிளம்பித்தான் தீருவேன் என்றால், உங்கள் செருப்பைக் கழற்றாமலே நில்லுங்கள்.