மச்சானிடம் சொன்னது

புருஷனைத் துபாய்க்கு அனுப்பிவிட்ட வீட்டில் போனும் ஒரு ஆள்தான். வீடியோ காலைப் போட்டு, போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். அவர் அங்கே சோறு சாப்பிடுவார், நான் இங்கே முத்துப்பேட்டையில் மீன் அலசுவேன். பேச்சு பெரிதாக இருக்காது. (எங்க மச்சான் வாயத் தொறக்கவே கூலி கேப்பாரு.) நெட் சரியில்லையென்றால் படமும் போய்விடும், வெறும் கருப்புத் திரையிடம் நான் பேசிக்கொண்டிருப்பேன். இந்தப் பழக்கம்தான் என் மானத்தை வாங்கியது.

மகன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நானும் ஒரு பல்லியும்தான். அப்போதுதான் ஆன்லைனில் கணக்கு வகுப்பில் சேர்ந்தேன். நான் கற்றுக்கொண்டால் மன்னார்குடியில் உரக்கடை போடலாம், மச்சான் ஊரோடு வந்துவிடலாம். கடைக்குக் கணக்குப் பார்க்க ஆளில்லை என்பதுதான் அவர் எப்போதும் சொல்லும் சாக்கு.

வகுப்பிலோ எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. மற்றவர்களெல்லாம் ‘ஓகே சார்’ என்று டைப் அடித்துத் தள்ளுவார்கள். நானும் அடிப்பேன். கேமரா, மைக் இரண்டையும் மூடிக்கொண்டு, பத்தாவதோடு படிப்பை விட்டவளுக்கு இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டிருப்பேன். மச்சான் கேட்டால் மட்டும், “சூப்பரா போவுது.”

அன்று மத்தியானம் சார் என் பேரைச் சொல்லிக் கேள்வி கேட்டார். மைக்கைத் திறந்தேன், குரல் வரவில்லை. “சரி, எல்லாரும் இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தன் கேமராவையும் மூடிக்கொண்டார். இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு, மைக்கைக்கூட மூடாமல் அடுப்படிக்குப் போனேன். கை தானாகப் போனைச் சீனி டப்பாவில் சாய்த்தது. கொடுவா மீனை எண்ணெயில் போட்டுத் திருப்புவதற்குள் வகுப்பு மறந்தே போனது. மச்சான் அழைக்கும் நேரம், கருப்புத் திரை, எதிரே சத்தமில்லை. வேறு யாராக இருக்க முடியும்?

“சாப்டீங்களா மச்சான்?”

பதில் இல்லை. வழக்கம்தானே!

“எனக்கு ஒண்ணும் புரியல மச்சான். நல்லா போவுதுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். சரக்கு உள்ள வந்தா டெபிட்டாம். பேங்க்ல டெபிட்னா காசு போயிட்டுன்னுதானே மெசேஜ் வருது? அந்த சாரு கொட்டாவி விட்டுக்கிட்டே பாடம் எடுக்குறாரு. எல்லாருக்கும் புரியுது, நான்தான் மக்கு. நான் எப்ப படிச்சு, எப்ப கடை போட்டு, நீங்க எப்ப வர்றது? பேச ஆளில்லாம பல்லிக்குப் பேரு வச்சிருக்கேன் மச்சான்...”

அழுகை வந்துவிட்டது. மூக்கை வேறு சத்தமாகச் சிந்தினேன்.

டப்பா பக்கமிருந்து தொண்டையைச் செருமும் சத்தம். “அம்மா... உங்க மைக் ஆன்ல இருக்கு.” சார்!

யா அல்லாஹ்! போனை அணைக்கக்கூடத் தோன்றாமல் கரண்டியோடு நின்றேன். அப்போது ஒரு பெண் குரல்: “அக்கா, நான் தாராசுரம். எனக்கும் அந்த டெபிட் புரியலக்கா.” அடுத்து ஒரு ஆண் குரல்: “எனக்குந்தாங்க. சும்மா ஓகே போட்டுக்கிட்டிருந்தேன்.” பிறகு வரிசையாக மைக்குகள் திறந்தன.

“அப்ப யாருக்குத்தாங்க புரிஞ்சுது?” என்றார் சார், பரிதாபமாக. பாவம் மனுஷன், முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மீன் கரியாகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து, வாய் கூசாமல் கேள்வியாகக் கேட்டேன். மச்சான் அன்றைக்கு அழைக்கவே இல்லை. ஓவர்டைமாம்.

வகுப்பை முடித்துவிட்டேன். இப்போது அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். தாராசுரத்துப் பெண் இன்றும் பல்லியை நலம் விசாரிக்கிறாள். உரக்கடைதான் இன்னும் வரவில்லை. குறுவைச் சாகுபடிக்கு வருகிறேன் என்பார் மச்சான், அப்புறம் சம்பாவுக்கு என்பார். (சாக்குக்கா பஞ்சம்?)

நடந்ததை மகனிடம் சொல்லிவைத்தேன், அவன் அதை அவன் அத்தாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். அதிலிருந்து மச்சான் அழைத்தால் முதல் கேள்வி இதுதான்: “லைன்ல வேற யாரும் இருக்காங்களா?”

சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

“யாருமில்ல மச்சான். நான் மட்டுந்தான்.”