வலது கோடியில் மங்கலான தூண்

மழை இல்லை, தூறல்கூட இல்லை. ஆனால் இசோகாமி துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்மேல் நானூறு பேர் குடை பிடித்து நின்றார்கள். பிடித்தவர் முகம் வெளியே தெரியும் பிளாஸ்டிக் குடை. எந்த முக்குக் கடையிலும் கிடைப்பதுதான். தென்கோ ஆசான் என்ற சாமியாரின் கைபட்டதும் அதற்கு ஒளிக்குடை என்று பெயர் வந்துவிட்டது, விலையும் ஆறு மடங்கு ஏறிவிட்டது. சில குடைகளில் முக்குக் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. அதைக் கிழித்தால் அருள் போய்விடும் என்று ஆசான் சொல்லியிருந்தார். மனுஷன் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்.

நான் அந்த ஊரில் சலூன் நடத்துகிறவன். முப்பது வருஷமாக ஊர்த் தலைகளெல்லாம் என் கைக்குள்தான். வெளிப்பக்கம் எனக்கு அத்துப்படி. உட்பக்கத்தின் லட்சணம் அந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. ரொம்பச் சிரிக்காதீர்கள், என் வீட்டிலும் ஒரு குடை உண்டு. வாங்கியது என் மனைவி. பிடித்துக்கொண்டு நின்றது நான்.

விஷயம் இதுதான். ஜனவரி பிறந்ததிலிருந்து, சாயங்காலம் இருட்டியதும், கடலுக்கு மேலே வானத்தில் வெளிச்சத் தூண்கள் தெரிய ஆரம்பித்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். வெள்ளை வெளேரென்று, செங்குத்தாக, தண்ணீரைத் தொடாமல் தொங்கின. நிஜமாகவே அழகுதான். இரண்டாவது வாரமே ஒரு வேனில் தென்கோ ஆசான் வந்து இறங்கிவிட்டார். வெள்ளை அங்கி, மார்புவரை வெள்ளைத் தாடி. அந்த வெள்ளை புட்டியிலிருந்து வந்த வெள்ளை. தொழில்காரன் கண்ணுக்கு அது தப்புமா? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரோடு ஒத்துப்போய்விட்டேன், வெட்கக்கேடு.

ஒவ்வொரு தூணும் ஒரு குடும்பத்தின் விதி என்றார் ஆசான். பளிச்சென்று இருந்தால் யோகம், மங்கினால் ஆபத்து. ஊரில் முந்நூறு குடும்பம், வானத்தில் பன்னிரண்டு தூண். கணக்கு உதைக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு தூணும் தெரியாது. அன்றைக்கு வானத்தவர்களுக்கு ஓய்வு என்றார். அதற்கும் தலையாட்டினோம்.

இந்தக் கூத்தில் அடிபட்டவள் மிசாவோ. டோஃபு கடை தொகுஜியின் மகள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, கடலுக்குப் போன படகுகளோடு பேசுவது அவள் வேலை. சொந்தமாக ஒரு சின்னப் படகு வைத்துக் கணவாய் மீன் பிடிக்கும் ஷூஹேவுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். மார்ச்சில் கல்யாணம். தொகுஜி ஆசையாகப் போய் மாப்பிள்ளையின் தூண் எது என்று கேட்டார். ஆசான் வலது கோடியைக் காட்டினார். அங்கே ஒரு தூண் சோகை பிடித்த மாதிரி மங்கலாக நின்றது. இந்தக் கல்யாணம் நடந்தால் ஒரு வருஷத்துக்குள் கடல் அந்தப் பையனை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்.

தொகுஜியின் அண்ணனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்தப் பயம் அவர் எலும்புக்குள் இருந்தது. ஷூஹேமேல் அவருக்கு உயிர், அதனாலேயே பயம் இரட்டிப்பாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த நிச்சயத் தட்டை, அதில் முறைப்படி வைத்திருந்த காய்ந்த கணவாய் உட்பட, வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார். தட்டு திரும்பினால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம். மிசாவோ அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

அப்புறம் அவள் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். அந்த ஒரு காரியத்தைத்தான் எங்களில் யாரும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலம் கிடையாது, அதனால் சனிக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது. வானத்தவர்களுக்கும் எங்கள் ஏலக்கூடத்துக்கும் எப்படி ஒரே நாளில் லீவு? படகுக்காரர்களை விசாரித்தாள். பெண்டாட்டிமார் தூண், தூண் என்று சொல்கிறார்களே என்று, கரையில் இருக்கும் அந்தச் சனிக்கிழமை மட்டும் அவர்கள் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. ஊருக்குப் பைத்தியம் என்று படுத்துவிட்டார்கள்.

கணவாயை மேலே இழுக்க ஒவ்வொரு படகிலும் பெரிய பெரிய பல்புகளைச் சரம் சரமாக எரிப்பார்கள். மற்ற வருஷங்களில் படகுகள் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். இந்த வருஷம் கணவாய் தூரமாகப் போய்விட்டதால் படகுகளும் அடிவானத்துக்கு அப்பால் போய்விட்டன. கடுங்குளிரில் உயரத்தில் மிதக்கும் பனித்தூளில் பட்டு அந்த வெளிச்சம் மட்டும் தூணாகத் தெரிந்தது. விளக்கு எரித்தவர்கள் தூணைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தவர்கள் விளக்கை நினைக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஆசான் அறிவித்திருந்த மகா தரிசனம். மிசாவோ கையில் வயர்லெஸ்ஸோடு சுவர்மேல் ஏறினாள். எந்தப் படகு எங்கே நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"ஆசானே, எங்க தூணு எதுன்னு இன்னொரு தடவ காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"வலது கோடிம்மா. மங்கிக்கிட்டே போகுது பாரு, பாவம்."

மிசாவோ வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனாள். "ஷூஹே, சொன்னபடி செய்."

வலது கோடித் தூண் பட்டென்று அணைந்தது. கூட்டம் அலறியது. தொகுஜி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஆசானுக்கோ முகமெல்லாம் களை, தான் சொன்னது பலித்துவிட்டதாம்.

மிசாவோ அப்பாவின் தோளைத் தொட்டாள். "பத்து நிமிஷம் பொறுங்கப்பா. அந்தப் பல்பு ஆறினாத்தான் திரும்ப எரியும். அவன் பத்திரமா இருக்கான்."

ஆசான் கெட்டிக்காரர். பத்து நிமிஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் கண்ணை மூடி மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். தூண் திரும்ப வந்ததும், தான்தான் இழுத்து வந்ததாகச் சொல்லிவிட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள். எங்கள் தலைகளை என்னவென்று சொல்வது.

மிசாவோ கோபப்படவில்லை. ஆசானின் சொந்தத் தூண் எது என்று பணிவாகக் கேட்டாள். அதைத்தான் அவர் தினமும் பீற்றிக்கொண்டிருந்தாரே.

"நடுவுல ஒசந்து நிக்குது பாரு, அதுதான். யுகம் முடியிற வரைக்கும் அது அணையாது."

"குஞ்ஜி ஐயா, கேக்குதா?" என்றாள் மிசாவோ வயர்லெஸ்ஸில். "நடுவுல நிக்கிறது உங்க படகுதானே? விளக்க ஒரு தடவ அணைக்கணும்."

குஞ்ஜி எழுபது வயதுக் கிழவர், ஊரிலேயே பெரிய படகுக்குச் சொந்தக்காரர். அவர் குரல் வயர்லெஸ்ஸில் கரகரவென்று சுவர் முழுக்கக் கேட்டது. "ஏம்மா, இப்பத்தான் கணவா மேல வருது. எதுக்கு அணைக்கணும்?"

"உங்க விளக்குதான் தன்னோட ஆயுசுன்னு இங்க ஒருத்தர் சொல்றாரு."

கிழவர் குரல் எகிறியது.

"பல்பு வாங்குறவன் நான், டீசல் ஊத்துறவன் நான், ஆயுசு அவனுக்கா? இந்தா, அணைச்சாச்சு."

நடுத்தூண் போயிற்று. நானூறு குடைகளும் ஆசான் பக்கம் திரும்பின. யுகம் முடியவில்லை. அவரும் குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், அப்புறம் சுவரே சிரித்தது. வயர்லெஸ் அலை விதியைக் குழப்பிவிட்டது என்று ஆசான் ஏதோ ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஆசானே, தாடி வேர்ல கறுப்பு எட்டிப் பாக்குது. சாயத்துக்கு நம்ம கடைக்கே வந்திருக்கலாமே."

வேனை நோக்கி ஓடினார். மீன் சந்தைப் பெண்கள் அவருக்கு முன்னால் போய்ச் சாவியைப் பிடுங்கிவைத்திருந்தார்கள். குடைக்காசு முழுக்கத் திரும்பி வந்த பிறகுதான் சாவி கைமாறியது. வீட்டுக்குக் கிளம்பும்போது பனி கொட்ட ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் அந்தக் குடைகள் குடைகளாக வேலை பார்த்தன.

தொகுஜி என் பக்கத்தில்தான் நடந்தார். மகளிடம் மெல்லக் கேட்டார். "ஏம்மா, அவன் விளக்கு மட்டும் ஏன் மங்கல்?"

"எட்டு பல்பு போயிடுச்சுப்பா. கல்யாணச் செலவு இருக்கேன்னு மாத்தாம ஓட்டுறான்."

வெள்ளிக்கிழமை காலையில் நிச்சயத் தட்டு நகரவில்லை. டோஃபு கடை பூட்டியிருந்தது, அவர் பஸ் ஏறிப் பல்பு வாங்கப் போயிருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்தால், வலது கோடித் தூண்தான் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக நின்றது. கல்யாணம் மார்ச்சில், ஒரு சனிக்கிழமை. வானத்தவர்கள் பன்னிரண்டு பேரும் குளித்து முழுகி விருந்துக்கு வந்து, மூக்குமுட்டக் குடித்தார்கள்.

போன வாரம் ஒருத்தர் என் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து ஊரில் ஒரு பாறை கண்ணீர் விடுகிறதாம், பஸ் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், வருகிறாயா என்றார். அவர் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டே சொன்னேன்:

"தலைக்கு வெளிய இருக்கிறத நான் வெட்டிவிடுறேன். உள்ள இருக்கிறத வேற எவனாவது வந்து வழிச்சுட்டுப் போறதுக்குள்ள, நீங்களே கொஞ்சம் உபயோகிச்சுப் பாருங்க."